குப்பி மருந்தும் பழைய வண்டியும்

போடி, தேவாரம், கம்பம் பக்கம் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வரிசை குப்பி நிற்கிறது. இன்ஜின் ஆயிலில் ஊற்ற ஒன்று, பெட்ரோல் டேங்கில் ஊற்ற ஒன்று, புகையை நிறுத்த ஒன்று. பழைய ஸ்ப்ளெண்டர், சிடி100, ஆர்எக்ஸ்100 வைத்திருக்கும் ஏலத்தோட்டத்து ஆட்கள்தான் இதற்கு வாடிக்கை. காலையில் முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறை என்று போய், சாயங்காலம் இறங்குகிற வண்டிகள். தேயாமல் என்ன செய்யும்? தேய்ந்ததும் இழுவை குறையும். கடைப் பையன் "அண்ணே, இத ஒரு தடவ ஊத்திப் பாருங்க" என்பான். நம் ஆளும் வாங்கிவிடுவார்.

இந்தக் குப்பிகளில் பெரும்பாலானவை பழைய வண்டிக்கு உதவாது, சிலது கெடுக்கவும் செய்யும் என்பது என் கருத்து. பழைய இன்ஜினில் வருகிற கோளாறு அநேகமாக இரண்டில் ஒன்று: ஏதோ தேய்ந்திருக்கும், அல்லது ஏதோ அடைத்திருக்கும். போன இரும்பை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது. அடைப்பை மட்டும் சில சமயம் கரைக்கும்.

முதலில் ஆயிலில் ஊற்றுவதைப் பார்ப்போம். காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினுக்கு மட்டும். நம் ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் அதே ஆயில்தான் கியருக்கும் கிளட்சுக்கும். கிளட்ச் பிளேட் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. பிளேட்டும் பிளேட்டும் உராய்ந்து பிடித்தால்தான் வண்டி நகரும். உராய்வைக் குறைக்கிறேன் என்று சொல்லி ஒரு குப்பியை அதில் ஊற்றினால் என்ன ஆகும்? மெட்டு ஏறும்போது பின்னால் ஆளும் மூட்டையும் இருக்க, மூன்றாவது வளைவிலேயே இன்ஜின் அலறும், வண்டி மட்டும் நகராது. ஜப்பான்காரர்கள் 1998லேயே பைக் ஆயிலுக்கென்று ஜாசோ தரம் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். கார் ஆயில்களில் உராய்வு குறைக்கும் ரசாயனம் சேரத் தொடங்கியதும் பைக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. டப்பாவின் பின்புறம் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் கிளட்ச் உள்ள பைக்குக்கு. எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு. அந்த ஆயிலைச் செய்தவர்களே தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கலவை, அழுக்கைக் கழுவும் பொருள் எல்லாவற்றையும் அளந்து போட்டுத்தான் விற்கிறார்கள். அதன் மேல் நாம் ஒரு குப்பியைக் கவிழ்ப்பது அந்த அளவைக் குலைக்கும் வேலை.

டெஃப்லான் துகள் கலந்தது, மாலிப்டினம் கலந்தது என்று வேறு விற்கிறார்கள். சிடி100, ஸ்ப்ளெண்டர் வகையறாவில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிளட்ச் கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு கிண்ணம் இருக்கும். இன்ஜினோடு சுழன்று, ஆயிலில் உள்ள கனமான துகளை ஓரத்தில் ஒதுக்கும். பல வருஷம் திறக்காத வண்டியில் அந்தக் கிண்ணத்தின் ஓரம் முழுக்க மை மாதிரி கறுப்புச் சேறு அப்பியிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். துகள் கலந்த குப்பியில் எவ்வளவு சிலிண்டருக்குப் போகும், எவ்வளவு அந்தச் சேற்றில் சேரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ்100 கதை இன்னும் வேடிக்கை. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் போகிற ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகிற 2டி ஆயில். கீழே இருப்பது கியர் பாக்ஸ் ஆயில், தனி. "இன்ஜின் ட்ரீட்மென்ட்" என்று வாங்கிக் கீழே ஊற்றினால் அது பிஸ்டனைப் பார்க்கவே பார்க்காது. கிளட்சை வழுக்கவைப்பதோடு சரி.

இந்த ஏமாற்று நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் எஸ்டிபி நிறுவனம் தன் ஆயில் குப்பி விளம்பரங்களுக்காக 1978ல் 7 லட்சம் டாலர் கொடுத்து சமாதானமாகப் போனது. டெஃப்லான் பெயரைச் சொல்லி விற்ற ஸ்லிக் 50 மீது அங்குள்ள வணிக ஆணையம் 1996ல் நடவடிக்கை எடுத்தது. அடுத்த வருஷம் அவர்களும் சமரசத்துக்கு வந்தார்கள். ஆதாரம் இல்லாமல் பேசினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இனி பெட்ரோல் பக்கம். மலைக்குப் போகிறவர்கள் கேரள விலைக்குப் பயந்து போடியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்வார்கள், சரி. ஆனால் இரண்டு பக்கமும் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20தான். மைலேஜ் போச்சு என்று புலம்பாத ஆள் இல்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 60 கொடுத்த வண்டி 58 கொடுக்கும். இதை எந்தக் குப்பியும் திருப்பித் தராது. அப்புறம், டேங்கில் உள்ள தண்ணீரை எடுக்கிறேன் என்று விற்கும் குப்பிகள் பலவற்றில் உள்ளே இருப்பது ஆல்கஹால்தான். லிட்டருக்கு 200 மில்லி ஆல்கஹால் ஏற்கெனவே இருக்கிற பெட்ரோலில், காசு கொடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம்!

ஆக்டேனை, அதாவது அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் கூட்டுகிறேன் என்று வரும் ஆக்டேன் பூஸ்டரும் அப்படியே. நம் பழைய வண்டிகளின் அழுத்தத்துக்குச் சாதா பெட்ரோலின் ஆக்டேனே தாராளம். ஈயத்துக்குப் பதில் என்று ஒன்று வருகிறது. ஈயப் பெட்ரோல் 2000த்தோடு போனது உண்மை. மிகப் பழைய ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வ் சீட்டுக்காக (வால்வ் வந்து மூடும் வளையம்) யோசிக்கலாம். யெஸ்டிக்கும் ராஜ்தூத்துக்கும் அதை வாங்குகிறவர்களை என்ன சொல்ல? டூ ஸ்ட்ரோக்கான அந்த இன்ஜினில் வால்வ் சீட்டே கிடையாது.

பெட்ரோலில் ஊற்றும் கிளீனர்களில் பாலிஈதர் அமீன் என்ற ரசாயனம் உள்ளவை நிஜமாக வேலை செய்யும். கரி படிவைக் கரைக்கும். இன்ஜெக்டர் வண்டிக்கு நல்லது. கார்புரேட்டர் வண்டியில் பலன் குறைவு. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) முழுதாக அடைத்துவிட்டால் அதன் வழியே பெட்ரோலே போகாதபோது மருந்து எப்படிப் போகும்? கழற்றி, ஊதி, துடைத்துத்தான் ஆக வேண்டும். எத்தனாலில் இறுகிப்போன பெட்ரோல் ட்யூபையும் ஃப்ளோட் நீடிலையும் அப்போதே மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டியை மேலே ஷெட்டில் போட்டுவிட்டு வருகிறவர்கள் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி உள்ளே தேங்கியதை வடித்துவிட்டு வந்தால் போதும். காசே ஆகாது.

குப்பிக்குப் போகும் பணத்தில் எம்ஏ போட்ட ஆயிலைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் (மேலே சமதளம் கிடைப்பதுதான் கஷ்டம்). ஸ்ப்ளெண்டரில் அளவுக் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

புகை நிறுத்தும் குப்பியைப் பற்றி ஒன்று. அது ஆயிலைக் கெட்டியாக்குகிறது, அவ்வளவுதான். கெட்டி ஆயில் தேய்ந்த பிஸ்டன் ரிங்கைக் கொஞ்ச நாள் தாண்டாது. வண்டி விற்கிறவருக்கு அந்தக் கொஞ்ச நாள் போதும். ஆகவே பழைய வண்டி வாங்கப் போனால் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வராதீர்கள். மெட்டில் நாலு வளைவு ஏற்றுங்கள், இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஏறும்போது விடாமல் நீலப்புகை தள்ளினால் ரிங் மாற்றி, சிலிண்டரின் உட்சுவரைச் (போர்) சரிசெய்யும் வேலை. கியரில் பிடித்து இறங்கி வந்து, திடீரென ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்தால் வால்வ் சீல். சீல் மலிவு, ஹெட்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் செலவு. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.