மெதுவாய் இருக்கிற நுகம்

போன வருஷம் டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு மேய்ப்பன் வேஷம். “நாம் பெத்லகேம் ஊருக்குப் போய், நடந்ததாகக் கர்த்தரால் நமக்கு அறிவிக்கப்பட்ட இந்தக் காரியத்தைப் பார்ப்போம்” என்று அவன் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கே நாக்கு புரளும் வசனம். மூன்று தடவை “நடந்ததாக” என்ற இடத்தில் நின்றுவிட்டான். நான்காவது தடவை நான் கத்திவிட்டேன். “வீட்டில் ஒரு தடவையாவது படித்தாயா? அப்புறம் இங்கே எதற்கு வருகிறாய்?” என்று கேட்டேன். அவன் அழவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான், நாலாக மடித்தான், நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான் 14 வருஷமாக ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. பாடகர் குழுவில் இருக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கணக்கு என் கையில், வியாழக்கிழமை தோறும் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம், மே மாதம் வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி. இதெல்லாம் போக, வாரம் ஆறு நாள் பள்ளிக்கூட வேலை. எல்லாம் ஆண்டவருக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆண்டவர் எந்தப் பிள்ளையையும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லையே. தடுத்த சீஷர்களைத்தான் அவர் கோபித்துக்கொண்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சபைகளில் ஒரு வசனம் மாதிரியே சொல்லுவார்கள்: துருப்பிடித்துப் போவதைவிடத் தேய்ந்து போவது மேல் என்று. வேதத்தில் எங்கேயும் இல்லாத வாக்கியம் அது. நானும் வாலிபர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதை நான் ஏற்பதில்லை. தேய்கிறவர் தான் மட்டும் தேய்வதில்லை. வீட்டில் இருப்பவர்களும், கூட வேலை செய்பவர்களும், மேய்ப்பன் வேஷம் போட்ட பையனும் சேர்ந்து தேய்கிறார்கள்.

சரி, கொஞ்சம் ஓய்வெடுப்போம் என்று ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாற்பது நாளும் எல்லாப் பொறுப்பையும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். உடம்பு உட்கார்ந்திருந்தது, மனது உட்காரவில்லை. பிள்ளைகள் வருகைப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள், பாட்டு ஏன் இழுக்கிறது, காணிக்கைப் பையை ஏன் அந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள் என்று எல்லாவற்றையும் மேய்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாள் முடிந்தபோது முன்னைவிடக் களைப்பாக இருந்தேன். வேலையை நிறுத்துவது மட்டும் இளைப்பாறுதல் ஆகிவிடாது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த நாட்களில்தான் எங்கள் பெரியப்பா நினைவுக்கு வந்தார். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காடு அவருக்கு. பள்ளி லீவுக்குப் போகும்போது ஒரு தடவை செவலைக் கன்றை உழவுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். கன்றைத் தனியாகப் பழக்க முடியாது. நுகத்தடியின் ஒரு பக்கம் வயதான மயிலைக்காளை, மறுபக்கம் செவலை. மயிலை ஒரே சீராக நடக்கும். செவலை முந்தி இழுக்கும், திடீரென்று நிற்கும், கழுத்தைத் திருகும். மத்தியானம் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தபோது செவலையின் கழுத்து உரிந்து சிவந்திருந்தது. மயிலைக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் உழுதது ஒரே நிலத்தைத்தான். பெரியப்பா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்: “பக்கத்துல ஒருத்தன் இழுக்குறான்னு இதுக்கு இன்னும் தெரியல தாயி. தானே ஒத்தையில இழுக்கணும்னு நெனைக்குது.”

மத்தேயு 11ஆம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அதில் இயேசு சொல்கிறார்: “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்.” இதில் “வருத்தப்பட்டு” என்றால் சோகப்பட்டு என்று இன்றைக்கு நாம் நினைத்துக்கொள்கிறோம். வள்ளுவர் “மெய்வருத்தக் கூலி தரும்” என்று சொன்ன அதே வருத்தம்தான் இது: உடம்பு நோக உழைப்பது. ஆக, அவர் கூப்பிடுவது சும்மா இருப்பவர்களை அல்ல, உழைத்து ஓய்ந்தவர்களை. கூப்பிட்டு என்ன தருகிறார்? “என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு” என்கிறார். களைத்து வந்தவர் கழுத்தில் மறுபடியும் நுகமா என்று எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம் இருந்தது.

“என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது.” அந்த “மெதுவாய்” என்ற சொல்லில் நான் நாள்கணக்காக நின்றேன். பழைய தமிழில் மெது என்றால் மென்மை. மெத்தை என்று சொல்லுகிறோமே, அந்த மெத்து. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் “என் நுகம் அழுத்தாது” என்று அழகாக இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, இயேசு தச்சராக ஏரும் நுகமும் செய்தவர் என்று எழுதியிருக்கிறார். எந்த மாட்டுக் கழுத்துக்கு எப்படி இழைக்க வேண்டும் என்று தெரிந்த கைகள் அவை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இன்றைய பேச்சில் மெதுவாக என்றால் அவசரமில்லாமல் என்றும் பொருள் இருக்கிறதல்லவா? மூலத்தில் அந்த அர்த்தம் இல்லை, தெரியும். இருந்தாலும் அவசரக்காரியான எனக்கு அந்த இரண்டாவது அர்த்தமும் தேவைப்பட்டது.

நுகத்தின் மறுபக்கம் இயேசுவே நிற்கிறார் என்று அந்த வசனம் நேரடியாகச் சொல்லவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். யூத போதகர்கள் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தைத்தான் நுகம் என்றார்கள். பேதுருவும் அப்போஸ்தலர் 15இல் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடி என்று அதைத்தான் சொல்கிறார். ஆனால் மாற்கு சுவிசேஷத்தின் கடைசி வசனம் எனக்குப் போதும். சீஷர்கள் புறப்பட்டுப் போய்ப் பிரசங்கித்தார்கள், “கர்த்தர் அவர்களுடனேகூடக் கிரியையை நடப்பித்து” என்று இருக்கிறது. உடனேகூட. பின்னால் நின்று தார்க்குச்சியால் குத்துகிறவராக அல்ல.

இளைப்பாறுதல் தருவேன் என்று சொல்லி முடித்ததும் மத்தேயு 12ஆம் அதிகாரம் எங்கே தொடங்குகிறது, பாருங்கள். ஓய்வுநாள், விளைச்சல் நிலம், பசித்த சீஷர்கள் கதிரைக் கொய்து தின்கிறார்கள், ஓய்வுநாளில் இப்படிச் செய்யலாமா என்று பரிசேயர் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். இயேசு பசித்தவர்கள் பக்கம் நிற்கிறார். நம் சபைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள் தலையிலேயே எல்லா வேலையையும் கட்டுகிறோம். பத்துப் பேர் செய்ய வேண்டியதை இரண்டு பெண்கள் செய்தால், “எவ்வளவு தியாகம்” என்று மேடையில் சால்வை போடுகிறோம். அவர்களுக்குத் தேவை சால்வையல்ல, கூட நிற்க எட்டுப் பேர்.

நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் அடுத்தடுத்துச் செத்தார்கள். மண்ணிலே தேய்ந்து போவதுதான் பக்தி என்று அவர்கள் இருந்துவிடவில்லை. 1845இல் கொடைக்கானல் மலையில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள், உடம்பு தேற. அதற்குப் பிறகுதான் பசுமலையிலும் மதுரையிலும் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் பெரிதாக வளர்ந்தன. அவர்களோடு கிராமம் கிராமமாக நடந்த நம் உபதேசிமாருக்கும் வேதாகம ஸ்திரீகளுக்கும் அப்படி ஒரு மலைவீடு இருந்ததா என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. இன்றைக்கும் சபை ஊழியர்களுக்கு வாரத்தில் ஒருநாள் முழுசாக விடுவதற்கு நமக்கு மனசு வரவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு கணக்கு நோட்டை இன்னொரு சகோதரியிடம் ஒப்படைத்தேன். அவள் என்னைவிட நன்றாக எழுதுகிறாள். பெரியாஸ்பத்திரியில் முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் மூன்று வார்டு பார்த்துவிடுவோம். ஜெபம், கைப்பிரதி, அடுத்த கட்டில். இப்போது நான் ஒரே வார்டுக்குத்தான் போகிறேன். போன மாதம் கட்டிலில் இருந்த ஒரு பாட்டிக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன். பல் இல்லை, தோல் விக்கும் என்றார். ஒவ்வொரு சுளையிலும் தோலை நீக்கி, கொட்டை எடுத்து, வாயில் வைத்தேன். ஒரு பழத்துக்கு இருபது நிமிஷம் ஆனது. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் தம்மையே பார்க்க வந்தார்கள் என்று இயேசு சொல்லியிருக்கிறாரே, அப்படியென்றால் நான் போவதற்கு முன்னாலேயே அவர் அந்தக் கட்டிலில் இருக்கிறார். பெரியவர் இருக்கிற இடத்துக்குப் போகும்போது எதற்கு ஓட்டம்? அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்குக் களைப்பே தெரியவில்லை.

அந்தப் பையன் வீட்டுக்கு ஜனவரியிலேயே போய்விட்டேன். ஆரப்பாளையத்துப் பக்கம் ஒரு சந்து. அவன் அம்மா முன்னால் வைத்து, “டீச்சர் செய்தது தப்பு தம்பி, என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான். அடுத்த ஞாயிறு வந்தான்.

இந்த வருஷம் ஒத்திகை தொடங்கிவிட்டது. மேய்ப்பன் வேஷம்தான் வேண்டும் என்று அவனே கேட்டான். அதே துண்டு. நேற்று “நாம் பெத்லகேம் ஊருக்குப் போய், நடந்ததாக” என்றதும் நின்றான். என்னைப் பார்த்தான். நான் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தேன், அப்படியே இருந்தேன். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் நின்ற குட்டித் தேவதூதர் ஒருத்தி “கர்த்தரால்” என்று மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அவன் துண்டைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.