நாலு பேருக்கு ஒருத்தர்

(ஆம்ஸ்டர்டாமில் ஒரு சமையலறை. எழுபதைத் தாண்டிய தம்பதி. கோரி டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் எடுத்து வைத்துவிட்டு, டக்கென்று மூடுகிறாள். அந்த ஊர் வழக்கம் அது. புருஷன் என்பதற்காக இரண்டாவது பிஸ்கட் கிடைக்காது.)

ஹென்க்: இன்னிக்கு ராத்திரி டிவியில 'டர்க்கிஷ் டிலைட்' போடறாங்க.

கோரி: எது, அந்தத் துணி செலவே இல்லாத படமா?

ஹென்க்: கலைப்படம் கோரி! நம்ம ஊர் டைரக்டர் பால் வெர்ஹோவன் எடுத்தது. ஆஸ்காருக்கே போச்சு.

கோரி: போச்சு சரி, கிடைச்சுதா?

ஹென்க்: குறுக்க பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோ படம் வந்துடுச்சு. பிரெஞ்சுக்காரங்களுக்குக் குடுத்துட்டாங்க.

கோரி: அங்க போறப்பவாவது சட்டை போட்டுட்டுப் போயிருக்கலாம்.

ஹென்க்: அதை விடு. நாம சேர்ந்து பார்த்த முதல் படம் அதுதானே? 1973!

கோரி: நாம சந்திச்சதே 1974-ல.

(அமைதி. ஹென்க் காபியைக் கலக்குகிறார். அதில் சர்க்கரையே போடவில்லை.)

கோரி: யாரோட போன?

ஹென்க்: தனியாத்தான். நீ?

கோரி: நான் பார்க்கவே இல்ல.

ஹென்க்: அப்ப துணி செலவு எப்படித் தெரியும்?

கோரி: ஊரே பேசிச்சு.

ஹென்க்: பேசின ஊர்ல பார்த்தேன்னு சொன்னவன் ஒருத்தன் உண்டா? அப்ப நாட்டு ஜனத்தொகை ஒரு கோடியே முப்பது லட்சம் சொச்சம். வித்த டிக்கெட் 33 லட்சம். நாலு பேருக்கு ஒருத்தர்! உங்க வீட்ல எத்தனை பேர்?

கோரி: அப்பா, அம்மா, அக்கா, நான்.

ஹென்க்: நாலு. யாரு அந்த ஒருத்தர்?

கோரி: எங்க அப்பா சர்ச்சுல மூப்பர்!

ஹென்க்: நான் அவர்தான்னு சொல்லலையே. எங்க வீட்லயும் யாரும் பார்க்கலையாம். ரொட்டிக்கடைக்காரர் பார்க்கலையாம். வாத்தியார் பார்க்கலையாம். அப்ப 33 லட்சம் பேரும் பெல்ஜியத்துலேருந்தா வந்தாங்க?

கோரி: பெல்ஜியத்துலேருந்து வந்தது டூட்ஸ் தீலமான்ஸ் ஒருத்தர்தான். படத்துல அவர் வாசிச்ச அந்த மவுத் ஆர்கன்...

ஹென்க்: ஓஹோ, மவுத் ஆர்கனும் ஊர் பேசிச்சா?

கோரி: அது ரேடியோவுல வந்துச்சு.

ஹென்க்: ஜாலியான கதை. எரிக் ஒரு சிற்பி. லிஃப்ட் கேட்டு ஒரு கார்ல ஏறுவான். ஓட்டறவ ஓல்கா. காருக்குள்ளயே காதல். அப்புறம் அவன் பேன்ட் ஜிப்பு...

கோரி: மாட்டிக்கும்! அவ ஓடிப்போய் இடுக்கி கடன் வாங்கிட்டு வருவா!

(கோரி வாயைப் பொத்திக்கொள்கிறாள்.)

ஹென்க்: இடுக்கி எந்த ரேடியோவுல வந்துச்சு?

கோரி: சரி, பார்த்தேன். மூணு தடவை.

ஹென்க்: மூணா! அப்ப உங்கப்பா, அக்கா கணக்கையும் நீயே முடிச்சுட்ட. யாரோட போன?

கோரி: முதல் தடவை ஒரு பையனோட. கடைசியில அவன் அழல. அன்னிக்கே விட்டுட்டேன். ரெண்டாந்தடவை தனியா, நிம்மதியா அழறதுக்கு. மூணாவது அம்மாவோட.

ஹென்க்: உங்கம்மாவா! என்ன சொன்னாங்க?

கோரி: "இப்படித் துணியில்லாம திரிஞ்சா உடம்புக்கு வராம என்ன செய்யும்?"

ஹென்க்: யாருக்கு உடம்புக்கு வந்துச்சு?

கோரி: ஓல்காவுக்குத்தான். மூளையில கட்டி. மத்ததைக் கடிச்சா பல்லு கொட்டிடும்னு பயந்து, மெத்துன்னு இருக்கிற அந்த டர்க்கிஷ் டிலைட் மிட்டாயை மட்டும் சாப்பிடுவாளே... (மூக்கை உறிஞ்சுகிறாள்) எரிக் பக்கத்துல உட்கார்ந்து ஊட்டி விடுவானே...

ஹென்க்: இரு இரு. அவ செத்துடறாளா?

கோரி: பார்த்தேன்னு சொன்னியே!

ஹென்க்: சண்டை போட்டுப் பிரிவாங்க, அதுவரைக்கும் தெரியும். அப்புறம் சேர்ந்திருப்பாங்கன்னு நெனச்சேன். அம்பது வருஷமா எல்லார்கிட்டயும் ஜாலியான படம்னு சொல்லிட்டிருக்கேன்! போன மாசம் கல்யாண நாள் வாழ்த்து அட்டையில கூட, "எரிக், ஓல்கா மாதிரி வாழுங்க"ன்னு எழுதி அனுப்பினேனே!

கோரி: யாருக்கு?

ஹென்க்: உங்க அக்காவுக்கு.

கோரி: அதான் அவ போனையே எடுக்கல! பாதியில ஏன் எழுந்து வந்த?

ஹென்க்: இடைவேளையில லைட்டைப் போட்டாங்க. ரெண்டு வரிசை முன்னாடி எங்க அம்மா.

கோரி: உங்கம்மாவா! பார்த்துட்டாங்களா?

ஹென்க்: நான் அவங்களைப் பார்த்தேன், அவங்க என்னைப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாசல் வழியா ஓடிட்டோம். ராத்திரி சாப்பாட்டுல அப்பா கேட்டார், எங்க போயிருந்தீங்கன்னு. அம்மா லைப்ரரின்னாங்க. நானும் லைப்ரரின்னேன்.

கோரி: நம்பினாரா?

ஹென்க்: நம்பாம? அவரும் அன்னிக்கு லைப்ரரிக்குத்தான் போயிருந்தாராம்.