பெயர் இல்லாத பப்

கிழக்கு லண்டனில் பிளாஸ்டோ பக்கம் நான் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும் கடையின் ஜன்னலுக்குக் கீழே கரும்பச்சை டைல்ஸ் பதித்திருக்கும். மளிகைக் கடைக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று யோசிக்காமலே நாலைந்து வருடம் போய் வந்தேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோதுதான் நடைபாதையோடு ஒட்டிப் படுத்திருந்த மரக்கதவு கண்ணில் பட்டது. பீப்பாய் இறக்குகிற வழி. சரி, இது ஒரு காலத்தில் பப் என்று புரிந்தது. எந்த பப் என்று தேடப்போய் எட்டு மாதம் ஓடிவிட்டது.

பப் என்றதும் ஊரில் இருப்பவர்கள் டாஸ்மாக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் சந்தேக மரண விசாரணையைக்கூட பெரும்பாலும் பப்பில்தான் நடத்தினார்கள். தெருவில் அவ்வளவு பெரிய அறை வேறெங்கும் கிடையாது. தொழிற்சங்கம் கூடியதும், ஈமச்சடங்குச் செலவுக்குக் காசு சேர்த்த சங்கங்கள் கணக்குப் பார்த்ததும் அங்கேதான். அதனால் "சாராயக் கடைக்கு வரலாறு வேறயா?" என்று கேட்ட நண்பரிடம் நான் வாதாடவில்லை. தேடிக்கொண்டே இருந்தேன்.

முதல் தப்பு, லண்டன் பட்டியல்களில் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. பிளாஸ்டோ வெஸ்ட் ஹாமைச் சேர்ந்தது. இப்போது இந்தப் பகுதி இருக்கிற லண்டன் பிரிவுக்கு நியூஹாம் என்ற பெயரே 1965இல் வந்தது, அதுவரை இது எசெக்ஸ் மாவட்டம். அதை நினைத்துப் பார்க்காமல் ஒரு மாதத்தை வீணாக்கினேன். அடுத்த தலைவலி முகவரி. தெருப் பெயரை மாற்றுவார்கள், வீட்டு எண்ணை மாற்றுவார்கள், பப்பின் பெயரையும் மாற்றுவார்கள். பெயர் மாறாவிட்டாலும் நிம்மதி இல்லை. 'ரெட் லயன்' என்று தேடினால் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். மாறாதது தெருமுனை ஒன்றுதான். அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத்தில் 'பி.எச்.' (பப்ளிக் ஹவுஸ், அதாவது பப்) என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று முனை முனையாகப் பார்க்க வேண்டும். அப்புறம் தெருவாரியாக ஆட்கள், கடைகளின் பெயரை அச்சிட்ட கெல்லி டைரக்டரியை எடுத்து, இந்த வீட்டுக்கு முந்திய குறுக்குத் தெரு எது, பிந்திய குறுக்குத் தெரு எது என்று பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போக வேண்டும். கடைக்காரரின் பெயர் கிடைத்துவிட்டால் மக்கள்தொகைக் கணக்கில் அவர் குடும்பமே கிடைக்கும். மனைவி, பிள்ளைகள், மாடியில் தங்கியிருந்த வேலைக்காரப் பெண் வரைக்கும். குடித்தவர்களின் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது, ஏதாவது வழக்கில் சாட்சி சொல்லியிருந்தால் தவிர.

இதெல்லாம் கௌரவமான பப்புக்கு. நான் தேடியது அதற்கும் கீழே. 1830இல் ஒரு சட்டம் வந்தது: வரி கட்டுகிற எந்தக் குடித்தனக்காரரும் இரண்டு கினி (இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்) கொடுத்தால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம், மாஜிஸ்திரேட்டின் அனுமதி தேவையில்லை. ஜின் குடியைக் குறைக்கலாம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆறே மாதத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் உரிமங்கள் கொடுத்தார்கள். முன்னறையில் இரண்டு பெஞ்சைப் போட்டு, பின்னால் பீப்பாயை வைத்தால் கடை தயார். 1869இல் மறுபடியும் மாஜிஸ்திரேட்டின் கைக்குள் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட பீர் வீடுகள் பலவற்றுக்கு டைரக்டரியில் பெயரே கிடையாது. ஆளின் பெயர், பக்கத்தில் 'பீர் விற்பவர்', அவ்வளவுதான். என் மளிகைக் கடை அந்த ரகம். டைல்ஸ் எல்லாம் பிற்பாடு ஏதோ மதுவாலை வாங்கிப்போட்டு ஒட்டிய மினுக்கு என்று நினைக்கிறேன்.

பெயரும் ஆவணமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டனில் கில்பர்ன் பக்கம் இருக்கிற கார்ல்டன் டேவர்ன் என்ற பப் சாட்சி. 1920களின் தொடக்கத்தில் கட்டியது, இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்குத் தப்பியது. 2015 ஏப்ரலில் உரிமையாளரான கட்டுமான நிறுவனம் அனுமதி வாங்காமல் புல்டோசரை விட்டு இடித்துத் தள்ளியது. பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. இடிபடலாம் என்று அக்கம்பக்கத்தவர்கள் முன்பே சந்தேகப்பட்டு முறையிட்டிருந்ததால் அளவுகள், படங்கள் எல்லாம் பதிவாகியிருந்தன. முன்பு இருந்தபடியே திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவு போட்டது. 2021இல் திறந்தே விட்டார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் இடிக்கும் முன்பே யாரோ எழுதி வைத்திருந்ததால் பிழைத்த கட்டடம் அது. பெஞ்ச் போட்டு பீர் விற்ற முன்னறையை யார் அளந்து வைத்தார்கள்?

இன்னொரு கோபமும் உண்டு. லண்டனில் 2001இல் 4,835 பப் இருந்தன, 2016இல் 3,615. நியூஹாமில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. காணாமல்போன பப்களைத் தேடித் தொகுக்கிறவர்கள் அருமையான வேலை செய்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் நான் தொடங்கியே இருக்க மாட்டேன். ஆனால் பல பதிவுகள் 'இப்போது மளிகைக் கடை' என்ற வரியோடு ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும், ஏதோ குடியேறிய நாம்தான் வந்து மூடிவிட்டதுபோல. மூடியதற்குக் காரணம் வேறு: சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவு, 2007இலிருந்து உள்ளே புகைக்கத் தடை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த மனையில் அடுக்குமாடி எழுப்பினால் கிடைக்கும் காசு. இதில் முருங்கைக்காய் என்ன செய்தது? மேற்கு லண்டனின் சவுத்தாலில் கிளாஸி ஜங்ஷன் என்று ஒரு பஞ்சாபி பப் இருந்தது, இந்திய ரூபாயையே வாங்கிக்கொள்வதில் பேர்போனது. அதுவும் மூடி, அங்கே தென்னிந்திய சைவ உணவகம் வந்தது. அந்தக் கட்டடத்தின் கதையை பீர் நின்ற நாளோடு முடித்தால் தோசைக்கு எங்கே இடம்?

போன வாரம் கடைக்கார அண்ணனிடம் டைரக்டரிப் பக்கத்தின் நகலைக் காட்டினேன். நிலவறைக்குக் கூட்டிப்போனார். பீப்பாய் உருட்டிய சாய்வுப் பலகை அப்படியே இருக்கிறது, பக்கத்தில் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள். "அப்ப கடைக்குப் பேர் என்ன போட்டிருந்தாங்கள்?" என்று கேட்டார். பேரே இல்லை, ஆளின் பேர் மட்டும்தான் என்றேன். சிரித்தார். அவருடைய கடைக்கும் வாசலில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர்ப் பலகை உண்டு. வாங்க வருகிற எங்கள் யாருக்கும் அது தெரியாது; எல்லோருக்கும் அது 'அண்ணை கடை'.