ஒரே கோட் எழுதுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள்

"ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?" என்று கேட்டு இந்த மாதம் மட்டும் மூன்று பேர் மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். ஒரே கோடை எழுதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனின் ஐஓஎஸ்ஸிலும் ஓடும் ஆப் செய்ய உதவும் இரண்டு பிரேம்வொர்க்குகள் (அடித்தளக் கருவிகள்) அவை. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே நிலைமை. ஆண்ட்ராய்டுக்கு ஒரு ஆப், ஐஓஎஸ்ஸுக்கு ஒரு ஆப் என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தாயிற்று. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அடுத்த வரியும் வந்துவிடுகிறது: "ஒன்றாக்கிட்டா ஐஓஎஸ் பார்க்கிற ஆள் தேவைப்படாதுன்னு சொல்றாங்க."

முதல் கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. உங்கள் டீம் ஏற்கெனவே வெப்பில் ரியாக்ட் (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதுகிறது என்றால் ரியாக்ட் நேட்டிவ். ஃப்ளட்டருக்கான மொழியான டார்ட் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது, ஸ்கிரீன் எல்லாப் போனிலும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்றால் ஃப்ளட்டர். இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன், இரண்டிலும் நல்ல ஆப் வரும். நான் எழுத உட்கார்ந்தது அந்த இரண்டாவது வரிக்காக. அந்தக் கணக்கு தப்பு. எவ்வளவு தப்பு என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் சொல்கிறேன்.

ஒரே கோடை இரண்டு வகைப் போனுக்கும் எழுதும் இந்த கிராஸ் பிளாட்ஃபார்முக்கு நான் எதிரி இல்லை. எங்கள் டீம் ஃப்ளட்டருக்கு மாறியதற்காக ஒருநாளும் வருந்தியதும் இல்லை. மாறுவதற்கு முன்பு எங்கள் இரண்டு ஆப்களிலும் ஒரே பில்லுக்கு இரண்டு தொகை வந்துகொண்டிருந்தது, எப்போதாவது ஒருமுறை, கடைசி இலக்கத்தில் மட்டும். இரண்டு நாள் தேடிய பிறகு பிடிபட்டது. தள்ளுபடிக் கணக்கில் சரிபாதி வந்தால் ஒருவர் மேலே தள்ளியிருந்தார், மற்றவர் எழுதியது பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போனது. 2.5 இங்கே 3, அங்கே 2. இரண்டுமே உலகம் ஒப்புக்கொண்ட முறைகள்தான், யார் மேலும் குற்றம் இல்லை. ஒரு விதியை இரண்டு பேர் இரண்டு மொழியில் எழுதினால் என்றைக்காவது இது நடந்தே தீரும். இப்போது அந்த விதி ஒரே ஃபைலில் இருக்கிறது, அதற்கு ஒரே டெஸ்ட். இந்த நிம்மதியை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேகம் போதாது என்ற புகாரும் பெரும்பாலும் பழைய கதை. ரியாக்ட் நேட்டிவில் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பக்கமும் நேட்டிவ் (அந்தந்தப் போனுக்கே உரிய கோட்) ஒரு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் ஒரு பாலத்தின் வழியாக ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், நீண்ட லிஸ்டை வேகமாகத் தள்ளினால் வெள்ளைக் கட்டங்கள் தெரியும். 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து பாலம் இல்லாத புதிய கட்டமைப்புதான் இயல்பாக வருகிறது. ஃப்ளட்டரில் ஷேடர்களை (திரையில் வரையச் சொல்லும் சிறு நிரல்களை) ஓடும்போது கம்பைல் செய்ததால் முதல்முறை அனிமேஷன் திக்கும். பில்ட் நேரத்திலேயே அந்த வேலையை முடித்துவிடும் இம்பெல்லர் என்ற புதிய வரையும் பகுதி, 2023 மே மாதம் 3.10 பதிப்பில் ஐஓஎஸ்ஸுக்கு இயல்பாக வந்தது. படிவமும் லிஸ்டுமாக இருக்கும் ஒரு ஆப்புக்கு வேகம் ஒரு தடையே இல்லை.

தடை வருவது ஓரங்களில். கேமரா, புளூடூத், நோட்டிஃபிகேஷன், பின்னணியில் ஓடும் வேலை, ஸ்டோர் கேட்கும் புதுப்புது நிபந்தனைகள். பிரேம்வொர்க்கின் கை நின்று போனின் கை தொடங்கும் இடங்கள் இவை.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். ஃப்ளட்டர் பதிப்பை ஏற்றினோம். அதற்காக கிரேடிலை (ஆண்ட்ராய்டு ஆப்பைக் கட்டித் தரும் கருவியை) ஏற்ற வேண்டி வந்தது, அது ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினை 8க்கு இழுத்துக்கொண்டு போனது. பில்ட் அதோடு நின்றுவிட்டது. 'நேம்ஸ்பேஸ் குறிப்பிடப்படவில்லை', அதாவது கோடுக்கு அடையாளப் பெயர் இல்லை என்று ஒரே எரர், எங்கள் பார்கோடு பிளகினிலிருந்து (வெளியார் எழுதிய துணைக் கோட்). எங்கள் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி நல்ல கெட்டிக்காரன், டார்ட் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நெட்டில் கிடைத்த பதில்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். கேச்சை அழித்தான், ஃபோல்டரை அழித்தான், மறுபடி பில்ட் போட்டான். "அண்ணா, மூணு மணி நேரமா இதே எரர்தான். ப்ராஜெக்டையே புதுசா உருவாக்கிப் பார்க்கட்டுமா?" என்றான். முகம் வாடியிருந்தது.

பக்கத்து மேசையில் ஜாவா காலத்திலிருந்தே ஆண்ட்ராய்டு எழுதுகிற மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எழுந்து வந்தார். பிளகினின் மேனிஃபெஸ்ட் ஃபைலைத் திறந்தார், பேக்கேஜ் பெயர் அங்கே எழுதியிருப்பதைக் காட்டினார். "இதை இனிமே இங்கே ஏத்துக்காது தம்பி, பில்ட் ஃபைலுக்கு வரணும்" என்றார். பிளகினை எழுதியவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தப் பக்கம் வரவே இல்லை. நாங்களே அதை ஃபோர்க் செய்து (எங்களுக்கென நகலெடுத்து), பில்ட் ஃபைலில் ஒரு வரி சேர்த்தோம். பில்ட் ஓடியது. மொத்தம் பத்து நிமிடம்.

அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை என்பதில் அவன் தவறு எதுவும் இல்லை. டார்ட் ஆளாகத்தான் அவனை எடுத்தோம். ஆனால் அந்த மூத்தவர் டீமில் இல்லாதிருந்தால் அன்றைய மாலை ஒரு வாரமாக நீண்டிருக்கும். இப்படிப்பட்ட மாலைகள் நாமாகத் தேதி குறித்து வருபவையும் அல்ல. 2019 ஆகஸ்ட் 1 முதல் 64-பிட் கட்டாயம் என்று கூகுள் பிளே சொன்னபோது, ரியாக்ட் நேட்டிவ் ஆப்கள் 0.59 பதிப்புக்கு ஏறியாக வேண்டியிருந்தது. 2024 மே 1 முதல் ஆப்பிள் பிரைவசி மேனிஃபெஸ்ட் (பயனர் தகவலை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற அறிக்கை) கேட்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைக்கும் ஆப்கள் 16 கேபி மெமரி பக்கத்துக்கு (போன் தன் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு கூகுள் வைத்த தேதி 2025 நவம்பர் 1. ஒவ்வொரு முறையும் உங்கள் கோடைவிட, நீங்கள் நம்பியிருக்கும் பிளகின்களின் உள்ளே இருக்கும் நேட்டிவ் கோடுதான் மாட்டிக்கொள்ளும். அதைத் திறந்து படிக்க ஒருவர் வேண்டும்.

இன்னொன்று. இதைச் சொல்லும்போது இன்றும் மனம் கனக்கிறது. பார்வையற்ற பயனர் ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார்: உங்கள் ஆப்பில் பணம் கட்டும் பட்டன் எங்கே இருக்கிறது? ஆண்ட்ராய்டில் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஆன் செய்துவிட்டு நானே ஸ்வைப் செய்து பார்த்தேன். மொத்தத் தொகையை வாசித்தது. அடுத்த ஸ்வைப்பில் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கட்டம் சரியாக அந்தப் பட்டன் மேலே வந்து நின்றது. பெயர் சொல்லவில்லை. இருமுறை தட்டலாம் என்று மட்டும் சொன்னது. எதைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் யார் பணம் கட்டுவார்கள்?

ஃப்ளட்டர் தன் ஸ்கிரீனைத் தானே வரைந்துகொள்கிறது. அதனால் ஸ்கிரீன் ரீடருக்காக செமான்டிக்ஸ் என்று இன்னொரு மரத்தைத் தனியாகக் கட்டுகிறது. அதன் சொந்தப் பட்டனைப் பயன்படுத்தியிருந்தால் பெயர் தானாகவே போயிருக்கும். நாங்கள் டிசைன் அழகுக்காக ஒரு படத்தைப் போட்டு, அதன் மேல் தட்டினால் வேலை செய்யும்படி விட்டிருந்தோம். லேபிள் கொடுக்கவில்லை. ஒரு வரிதான். இதே தவறை நேட்டிவ் லேஅவுட்டில் செய்திருந்தால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அப்போதே எச்சரிக்கை காட்டியிருக்கும். இப்போது எந்த ரிலீஸும் டாக்பேக்கிலும் ஐஓஎஸ்ஸின் வாய்ஸ்ஓவரிலும் ஒருமுறை முழுக்க ஓடிப் பார்க்காமல் வெளியே போவதில்லை. ஐஓஎஸ் பக்கம் அதைப் பார்ப்பது, மற்ற இடங்களில் 'தேவைப்படாது' என்று சொல்லப்படும் அதே மாதிரி ஆள்தான்.

பெரிய கம்பெனிகளின் அனுபவத்தையும் பலர் பாதி மட்டும் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2018ல் தங்குமிடம் பதிவு செய்யும் ஏர்பிஎன்பி ரியாக்ட் நேட்டிவை விட்டபோது 'பார்த்தீர்களா, தோற்றுவிட்டது' என்று பரப்பினார்கள். அவர்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் வேறு படம் கிடைக்கும். தங்கள் எஞ்சினியர்களிடமே கேட்டதில், வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் அதையே தேர்ந்தெடுப்போம் என்றவர்கள் 63 சதவீதம். புது ப்ராஜெக்டுக்குப் பரிசீலிப்போம் என்றவர்கள் 74 சதவீதம். எழுதியவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த ஒன்றைத்தான் விட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பெரிதாக வளர்ந்திருந்த இரண்டு நேட்டிவ் ஆப்களுக்குள் அதைச் செருகியதில், இரண்டு தளம் குறைந்து ஒன்றாவதற்குப் பதில் மூன்றாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஃபைல் சேமிக்கும் டிராப்பாக்ஸ் 2013லிருந்து சி++ மொழியில் இரண்டு வகைப் போனுக்கும் பொதுக் கோட் எழுதி, 2019ல் அதை விட்டுவிட்டதைப் பற்றி எழுதியது. அதற்கான கருவிகளைத் தாங்களே கட்டிப் பராமரித்த சுமையும், அந்த வேலை தெரிந்த ஆட்களைக் கண்டுபிடித்துத் தக்கவைப்பதில் இருந்த சிரமமும் அதில் பெரிய பங்கு. மாறாக, ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை 2020ல் ரியாக்ட் நேட்டிவ்தான் எங்கள் வழி என்று அறிவித்து, இன்றுவரை அதிலேயே நிற்கிறது. மூன்று கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போது, எந்த பிரேம்வொர்க் என்பதைவிட அதை யார் பராமரித்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிரேம்வொர்க்குகளுக்கும் ஆயுள் உண்டு. இதே வகையைச் சேர்ந்த போன்கேப்பை அடோபி 2020ல் நிறுத்தியது. அதேபோன்ற ஸாமரினுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2024 மே 1ல் முடிந்தது. அதில் வருடக்கணக்காக எழுதியவர்கள் வேறு இடம் தேடிப் போக வேண்டியிருந்தது. ஃப்ளட்டருக்கும் ரியாக்ட் நேட்டிவுக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் ஐஓஎஸ்ஸுக்கான மொழியான ஸ்விஃப்ட்டும் ஆண்ட்ராய்டுக்கான கோட்லினும் தெரிந்தவர்கள் டீமில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு நேட்டிவ் ஆட்களும் கையில் இருக்கிறார்கள், ஸ்கிரீன்களும் நன்றாக இருக்கின்றன, கணக்கு விதிகள் மட்டும்தான் இரண்டாகப் பிரிந்து தொல்லை தருகின்றன என்றால், கோட்லின் மல்டிபிளாட்ஃபார்மையும் பாருங்கள். 2023 நவம்பரில் அது ஸ்டேபிள் ஆனது. ஸ்கிரீனைத் தொடாமல் லாஜிக்கை மட்டும் பொதுவாக்கலாம். எங்கள் தள்ளுபடிக் கணக்குப் பிரச்சினை வந்த நாளில் இது இந்த நிலையில் இருந்திருந்தால், முதலில் இதைத்தான் முயன்றிருப்பேன்.

கேட்ட மூவரில் ஒருவருக்கு நேற்று இரவு போனில் இதையெல்லாம் சொன்னேன். ஐஓஎஸ் நண்பரை ஃப்ளட்டர் டீமிலேயே வைத்துக்கொள்ளலாம், பிளகின் வேலையும் ஸ்டோர் ரிலீஸும் அவர் கையில் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசப் போகிறார். மற்ற இருவரிடமும் அவர்கள் ஆப் நம்பியிருக்கும் பிளகின்களின் பட்டியலையும், ஒவ்வொன்றிலும் கடைசியாக யார், எப்போது கை வைத்தார்கள் என்பதையும் கேட்டிருக்கிறேன். வந்ததும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.