கோபுரத்தைக் கொஞ்சம் பார்க்க விடுங்கள்

யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் கலண்டர் படமாகத் தொங்கிய ஈபிள் கோபுரத்தை, பாரிசுக்குப் படிக்க வந்து ஒருவழியாக நேரில் காணப் போனால், கண்ணை மறைப்பதெல்லாம் தலைக்குமேல் உயர்ந்த கைபேசிகள்தான். 1889இல் எழுந்த 330 மீற்றர் இரும்பு அதிசயத்துக்கு முதுகைக் காட்டி, தங்கள் முகத்தையே படம்பிடிக்கவா இவ்வளவு தூரம் வருகிறார்கள்? ஏறத்தாழ 25 இலட்சம் தறையாணிகளால் பிணைத்த கோபுரம் அது. பல தடவை வண்ணம் பூசி மழுங்கிய அவற்றின் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவனை, "தம்பி, கொஞ்சம் விலகுங்கோ, படத்தில விழுறீங்கள்" என்று நம்மூர்க் குரலே விரட்டியது. விலகினேன். அங்கும் மூக்கருகே ஒரு செல்ஃபித் தடி நீண்டது. இரவு தொலைபேசியில் அம்மாவும், "படம் எடுத்தனியோ?" என்றுதான் கேட்டார். வடிவாகப் பார்த்தாயா என்று ஒருவருமே கேட்கமாட்டார்களா?