வரிசைப்படுத்தித் தரச் சொன்னால் என் கொப்பியைக் கலைக்காதீர்கள்

சனிக்கிழமை திருகோணமலை உவர்மலையில் நடந்த நிரல் எழுதும் நிகழ்வில் ஒரு பிள்ளை எழுதிய வரியை எல்லோர் முன்னாலும் மைக்கில் திருத்தினார்கள். அதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாகக் குழுவில் அந்தப் பிள்ளையின் நிரலைப் படமெடுத்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். அதனால் சொல்கிறேன்: அந்தப் பிள்ளை செய்ததுதான் சரி.

அப்படி என்ன செய்துவிட்டது? ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்த சோர்ட் (sort) என்ற கட்டளையை எழுதாமல் டூசோர்ட்டட் (toSorted) என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். சோர்ட், கையில் கொடுத்த அரேயையே, அதாவது பட்டியலையே, கலைத்து அடுக்கி, அதையே திருப்பித் தரும். அதை வாங்கி நீங்கள் புதுப் பெயர் வைத்தாலும் பெயர்தான் இரண்டு, அரே ஒன்றுதான். டூசோர்ட்டட் புது அரே தரும், பழையது வந்தபடியே இருக்கும். 2023 இல் மொழியின் தரநிலையிலேயே சேர்த்த விஷயம் இது, யாரும் படம் காட்டக் கண்டுபிடித்ததில்லை. பைதன் என்ற இன்னொரு நிரல் மொழியில் இன்னும் தெளிவு. சோர்ட் இருப்பதை மாற்றிவிட்டு நன் (None), அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பித் தரும், சோர்ட்டட் என்றால் புது லிஸ்ட். ஏமாற வழியே இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நிலாவெளிப் பக்கம் மாமாவுக்கு மீன் வாடி இருந்தது. விடிய விடிய வள்ளங்கள் கரைக்கு வர வர, வந்த ஒழுங்கில் கொப்பியில் எழுதுவார். முதலில் வந்தவருக்கு முதலில் காசு. படித்த மருமகன் என்று நான் அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். யார் கூடப் பிடித்தது என்று பார்க்க, கிலோப்படி ஒரு சோர்ட் போட்டேன். காசு கொடுக்கும் பக்கமும் அதே அரேயைத்தான் பார்த்தது. இருள் விலகும் முன்பே முதல் ஆளாக வந்த, கொஞ்சம் சூரை மட்டும் பிடித்திருந்த ஒரு ஐயா கடைசி ஆளானார். வெயில் ஏறும்வரை நின்று வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கிழமை அவருடைய மீன் வேறு வாடிக்குப் போனது. மாமா என்னைத் திட்டவில்லை, பழைய கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தந்ததைக் கலைக்காதீர்கள். வரிசை வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்து கொடுங்கள்.

"மெமரி வீணாகிறது" என்பீர்கள். சரி, பல கோடி எண்கள் என்றால் இருந்த இடத்திலேயே அடுக்குவதுதான் முறை, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை அடுக்கிய பட்டியலில் இருந்தது நூற்றைம்பது வரி! அதுவும் நகலாவது அரே மட்டும்தான், உள்ளே இருக்கும் பதிவுகள் நகலாவதில்லை. ஆம், அதனாலேயே புது அரேயில் ஒரு பதிவைத் திருத்தினால் பழையதிலும் அது மாறித் தெரியும். அது வேறு கவனம். "பழைய பிரவுசரில் ஓடாது" என்றால் முதலில் நகல் எடுத்துவிட்டு சோர்ட் போடுங்கள். "ஹாஸ்கெலில் காட்டும் அந்த இரண்டு வரிக் குயிக்சோர்ட் உண்மையான குயிக்சோர்ட் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஹாஸ்கெல் இன்னொரு நிரல் மொழி, குயிக்சோர்ட் வேகமாக அடுக்கும் ஒரு முறை. அவர் சொன்னது உண்மைதான், 1961 இல் கணினி அறிஞர் டோனி ஹோர் வெளியிட்டது இருந்த இடத்திலேயே பிரித்து அடுக்குவது. ஆனால் அந்தப் பிள்ளை குயிக்சோர்ட் எழுதவே இல்லையே, அதை எதற்கு இங்கே கொண்டுவருகிறீர்கள்?

மூதூரிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்த பிள்ளை அது. அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருத்தத்தான் வேண்டுமா? பக்கத்தில் போய் "ஏன் இப்படி எழுதினீர்கள்" என்று கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருக்கும். பிறகு பின்னேரம் வரை அது வாயே திறக்கவில்லை, தேத்தண்ணிக்கும் எழும்பி வரவில்லை. கொழும்பிலே நம்மை இப்படி நடத்துகிறார்கள் என்று குறைப்படுகிற நாமே நம் ஊரில் இதைச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நானும் அன்றைக்கு எழுந்து பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

தங்கச்சி, இதைப் பார்த்தால் அந்த வரியை மாற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது, வாங்கோ. மாமாவின் கொப்பியைக் கொண்டுவருகிறேன்.