ஆஸ்துமா மருந்து பழக்கம் இல்லை

ஆஸ்துமாவுக்குத் தினமும் பம்ப், அதாவது இன்ஹேலர், எடுப்பதைப் பற்றி மேடையில் ஒருவர் பேசினார். "பம்ப் எடுக்க ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க அடிமை" என்றார். கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த என் மகள் கையில் வைத்திருந்த இன்ஹேலரைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அது மருந்து. பழக்கம் இல்லை.

ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுக்குழாயின் உட்சுவர், இழுப்பு வராத நாளிலும் வீங்கித்தான் இருக்கும். தினமும் பம்ப் வழியாக எடுக்கும் ஸ்டீராய்டு அந்தச் சுவரின் செல்களுக்குள் போய், உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. அழற்சியில் பங்குள்ள இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் குறைகின்றன, வீக்கம் வடிகிறது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாக நடக்கிற வேலை இது. நிறுத்தினால் வீக்கம் திரும்புகிறது. இதற்குப் பெயர் அடிமைத்தனமா?

நானே நிறுத்திப் பார்த்தவன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிட்டு, இழுப்பு வரும்போது மட்டும் எடுக்கும் சல்பூட்டமால் பம்பை மட்டும் வைத்துக்கொண்டேன். அது இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. ஒருநாள் நள்ளிரவில் அதுவும் கைகொடுக்கவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் படுக்கையில் குந்தியிருந்ததை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

"ஸ்டீராய்டு ஆயிற்றே?" என்பீர்கள். சரி, அளவைப் பாருங்கள். பம்பை ஒருமுறை அழுத்தினால் வரும் ஒரு பஃப்பில் இருப்பது பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம். இழுப்பு முற்றிய பிறகு மாத்திரையாகக் கொடுப்பது 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள், வீரியமும் வேறு. ஆனால் பம்ப் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. விழுங்கிவிடும் பங்கில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், குறிப்பாக புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் என்ற இரண்டு பம்ப் ஸ்டீராய்டுகளிலும். குரல் கம்மலாம், வாயில் பூஞ்சை வரலாம். அதற்குத்தான் பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் ஸ்பேசர் குழாய், அதற்குத்தான் எடுத்ததும் வாய் கொப்பளிப்பது. குழந்தைகளின் உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்பதும் உண்மைதான், மறைக்கவில்லை. அந்த ஒரு சென்டிமீட்டரைவிட என் மகளின் மூச்சு எனக்குப் பெரிது.

"நல்லதுக்குத்தானே சொன்னார்" என்று எழுதாதீர்கள். சக்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தினமும் மாத்திரை போடுபவரை யாரும் மேடையேறி அடிமை என்பதில்லை. மூச்சுக்கு மருந்து எடுப்பவர் மட்டும் ஏன் கூச வேண்டும்?

இன்று காலை அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பம்ப் எடுத்தாள். வாய் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது.